வெயில் ஆகாதவள்

“பெருநோயை மறைச்சு வெச்சுக்கிட்டா எம்பையனுக்குப் பொண்ணு குடுக்கறீங்க?” ராசிபுரத்து அத்தை காளியாத்தாளின் குரல் வெற்றிலைக் கொடிக்காலின் வேலியைத் தாண்டி வருகிறது. ஆற்றுக்குக் குளிக்கப் போகிற நான் நின்றுவிடுகிறேன். ஆறு எங்கே போய்விடப் போகிறது? கல்யாணப் பெண் பொன்னாயியின் அக்கா ஆத்தாயி, வெயில் விழாத கொடி நிழலில் முகமெல்லாம் கரும்புள்ளியாகக் குந்தியிருக்கிறாள். கல்லூரியில் பாடம் நடத்தும் அவள் தம்பி செல்லமுத்து, கொடி கட்டும் வாழைநார் இரண்டை முறுக்கிக் காட்டுகிறான். “பெருநோய் இல்லீங்க அத்தை. உடம்புக்குள்ள டி.என்.ஏ.ன்னு இப்படியொரு இழை. வெயில் பட்டா, பக்கத்துப் பக்கத்து முடிச்சு ரெண்டு பிணைஞ்சு இழை கோணிக்குது. நகலெடுக்கற என்சைம் அங்க முட்டி நின்னுபோகுது. கோணலை வெட்டிச் சரிபண்ற என்சைம் நமக்கு இருக்குது, இவளுக்கு இல்லீங்க.” “அப்ப தொத்தாதா சாமி?” “தொத்தாதுங்க. ஆனா அப்பனும் ஆத்தாளும் சொந்தம். ரெண்டு பக்கத்துக் குறையும் இவகிட்டச் சேந்துருச்சு. நீங்களும் உங்க பையனுக்குச் சொந்தத்துல கட்டாதீங்க.” காளியாத்தாள் நாரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, அவனை ஏற இறங்கப் பார்க்கிறாள். “ஓகோ! தங்கச்சிக்கு வெளியில மாப்பிள்ளை பாத்துட்டயாக்கும்?” அந்தத் தையிலேயே பொன்னாயியைத் தன் மகன் அர்த்தநாரிக்குக் கட்டிவைத்தாள். ஊரே போய்ச் சாப்பிட்டோம்; செல்லமுத்து மட்டும் முந்தின வாரமே மாற்றல் வாங்கிக்கொண்டு வடக்கே போய்விட்டான்.