அந்த ஸ்க்ரூ சின்னது

“அழிக்க மாட்டேன்னா அழிக்க மாட்டேன். என்ன பண்ணுவீங்க?”

கடைக்குள்ளிருந்து வந்த இந்தக் குரலுக்கு எதிர்ச்சாரியில் மூன்று ஜன்னல்கள் திறந்தன. நான்காவது ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

குரல் ரிப்பேர்காரியுடையது. போனோ கேம் மெஷினோ, எது உயிரை விட்டாலும் இந்தத் தெருவில் அவளிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அவளுக்கு எதிரே முகம் சிவக்க நின்றவர், அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற மாப்பிள்ளை. கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

மாப்பிள்ளை ஒரு வீடியோ சேனல் வைத்திருந்தார். இன்னும் பிறக்காத மெஷின்களுக்கு ஜாதகம் எழுதுவதுதான் தொழில். இரண்டு லட்சம் பேர் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள்.

அடுத்த வருஷம் வரப்போகிற கையடக்க கேம் மெஷினின் உள்ளே இருக்கும் போர்டு இதுதான் என்று ஒரு போட்டோ எங்கிருந்தோ கசிந்திருந்தது. நடுவில் பெயரே எழுதாத ஒரு கறுப்புச் சிப். பெயர் இல்லை என்றால் ரகசியம். ரகசியம் என்றால் பிரமாண்டம். பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ. அந்தக் கம்பெனி வழக்கமாகப் போடும் ஸ்க்ரூ என்ன அளவு என்பது விஷயம் தெரிந்தவர்களுக்கு அத்துப்படி. அதை வைத்துச் சிப்பை அளந்தார் மாப்பிள்ளை. பெருக்கினார். வகுத்தார். டி.வி.க்குக் கீழே வைக்கிற பெரிய கேம் பெட்டியின் பலம் அப்படியே உள்ளங்கைக்கு வரப்போகிறது என்று அடித்துச் சொன்னார்.

நாற்பது வீடியோ சொன்னார்.

முப்பத்தொன்பதை ரிப்பேர்காரி பார்த்ததில்லை. அவளுக்கு வேலை இருந்தது. நாற்பதாவதை அவரே அனுப்பிப் பார்க்கச் சொன்னார். பார்த்தவள் உடனே போனில் கூப்பிட்டு, ஸ்க்ரூ அளவு தப்பு என்றாள். “நீ ஸ்க்ரூவைப் பாரு, சிப்பை நான் பார்த்துக்கறேன்” என்று அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கு அப்புறம்தான் வீடியோவின் கீழே, சொந்தப் பெயரில், அவள் எழுதினாள். ‘அந்த ஸ்க்ரூ அந்தக் கம்பெனியுடையது இல்லை. அதைவிடச் சின்னது. உங்கள் கணக்கு மொத்தமும் தப்பு.’

வீடியோவைப் பார்த்தவர்களைவிட அதைப் படித்துச் சிரித்தவர்கள் அதிகம்.

“கட்டிக்கப் போறவளே நம்பலைன்னு கிண்டல் பண்றாங்க. அழிச்சுட்டு, தெரியாம எழுதிட்டேன்னு ஒரு வரி போடு. முடிஞ்சுது.”

“தெரிஞ்சுதான் எழுதினேன்.”

“எப்படித் தெரியும்?”

“பன்னெண்டு வருஷமா அதைத்தானே கழட்டறேன். பார்த்தா தெரியாதா?”

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “ஏன்டி, போயும் போயும் ஒரு ஸ்க்ரூ. மாப்பிள்ளை பெருசுன்னா பெருசுன்னு சொல்லிட்டுப் போயேன். உன் கைக்காசா குறையப் போகுது?”

மாப்பிள்ளைக்குத் தெம்பு வந்துவிட்டது. “ஸ்க்ரூ முடுக்கறதும் ஆராய்ச்சி பண்றதும் ஒண்ணா, அத்தை? அதுவும் கல்யாணத்துக்கு அப்புறம் இந்தக் கடையே இருக்கப் போறதில்ல. இவளுக்கு எதுக்கு இந்த வீம்பு?”

அம்மா சட்டென்று தலையைத் தூக்கி மின்விசிறியை ஆராய ஆரம்பித்தாள்.

ஓகோ, இரண்டு பேரும் பேசி முடித்தாயிற்றா என்று ரிப்பேர்காரிக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் நாக்கின் நுனியில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் மாப்பிள்ளை நின்ற இடத்திலேயே உட்கார்ந்திருப்பார். அவள் சொல்லவில்லை. அத்தாட்சி காட்டினால்தான் நம்புவார் என்றால், குழம்பில் உப்பு சரியா என்பதற்குக்கூட ஆயுசு முழுக்க அத்தாட்சி காட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

“தெரியும்னு சொன்னா தெரியும். அது போதலைன்னா வாசல் அந்தப் பக்கம்.”

செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு போனார் மாப்பிள்ளை. அதோடு கல்யாணமும் போயிற்று. அம்மா எட்டு நாள் பேசவில்லை. ஒன்பதாம் நாள், மூன்று வருஷமாகப் பாடாத தன் ரேடியோவை மேசையில் வைத்துவிட்டு, “என்னன்னு பாரு” என்றாள்.

அவள் விழுங்கிய வாக்கியம் என்னவென்று பிற்பாடு தெரிந்துகொண்டோம். அந்தப் போட்டோவை எடுத்ததே அவள்தான்.

எதிர்வீட்டுக் கைக்குழந்தையின் பொம்மைக்குள் இருந்த போர்டு அது. பொத்தானை அமுக்கினால் மாடு கத்தும். கத்தவில்லை என்று கொண்டுவந்தார்கள். அழுக்கைத் துடைத்தபோது சிப்பின் மேல் இருந்த எழுத்தும் சேர்ந்து போய்விட்டது. ஸ்க்ரூ ஒன்று தொலைந்ததால் டப்பாவில் கிடந்த ஏதோ ஒரு பொடி ஸ்க்ரூவை முடுக்கினாள். ‘இந்தச் சிப் யாரிடமாவது இருக்குமா?’ என்று ரிப்பேர்காரர்களின் குழுவில் படம் போட்டாள். அங்கிருந்து எவனோ உருவி, எதிர்காலம் என்று பறக்க விட்டுவிட்டான்.

முழுப் படத்தின் ஓரத்தில் அவளுடைய கட்டைவிரலும் இருக்கிறது, சால்டரிங் சூடு பட்ட கொப்புளத்தோடு. மாப்பிள்ளையின் நாற்பது வீடியோவிலும் அது தெரிகிறது. சிப்பைத்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினார், பாவம்.

அவர் பிறகு ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். மெஷின் இன்னும் வந்தபாடில்லை. அதன் பலம் மட்டும் அவருடைய சேனலில் மாதாமாதம் ஏறிக்கொண்டிருக்கிறது.

ரிப்பேர்காரிக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. குழுவில் படத்தைப் பார்த்த அத்தனை பேரில் ஒருவர் மட்டும், ‘சிப் என்னிடம் இருக்கிறது, அனுப்புகிறேன். விரலுக்கு மருந்து போட்டீர்களா?’ என்று கேட்டிருந்தார். அவர்தான் இப்போது பெட்டி படுக்கையோடு இந்தத் தெருவுக்கே குடிவந்துவிட்டார். கடையில் உள்பக்கம் அவருக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்திருக்கிறாள். வாசலோரம் வெளிச்சம் விழுகிற மேசையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.