அய்யாதுரை காலண்டர்

"ஏலே அய்யாதுரை, மொதலாளி மேசையில ஒன் காலண்டர் கெடக்கு. வந்ததும் உள்ள வரச் சொன்னாரு" என்றார் காசாளர் முத்துராமலிங்கம்.

இத்தனை நாளாக எது நடக்கக் கூடாது என்று அய்யாதுரை பயந்துகொண்டிருந்தானோ அது நடந்துவிட்டது.

சிவகாசியில் அந்தப் பட்டாசுக் கம்பெனியின் ஆபீசில் ஒன்பது வருடமாக ஆர்டர் எழுதும் குமாஸ்தா அவன். எந்த ஊரில் எந்த வெடி ஓடும், எந்தக் கடைக்கு எப்போது லோடு போக வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துபடி. சீசனுக்கு வரும் வெளியூர் வியாபாரிகளுக்கு ரூம் போடுவதிலிருந்து ரயில் ஏற்றிவிடுவதுவரை அவன்தான். அவர்களோ அவனை "தம்பி" என்று கூப்பிட்டு வேலை வாங்குவார்களே தவிர, அவன் பெயரைக் கேட்டதில்லை.

போன நவம்பரில் விருதுநகரில் ஒரு சுயமுன்னேற்றப் பேச்சுக்குப் போனான். சரக்கைப் பார்த்து யாரும் வாங்குவதில்லை, ஆளைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள், உங்கள் பெயரை நீங்கள்தான் பெரிதாக்க வேண்டும் என்று பேச வந்தவர் மேடையில் முழங்கினார். அது அய்யாதுரையைப் பிடித்துக்கொண்டது. என்றைக்காவது சேல்ஸ் மேனேஜர் ஆக வேண்டுமென்றால் இதுதான் வழி என்று முடிவு கட்டினான்.

முதலில் ஒரு செல்போன் வாங்கினான். பிறகு, வருடா வருடம் கம்பெனி காலண்டர் அடிக்கும் பலவேசத்தின் அச்சகத்துக்குப் போனான். கம்பெனி காலண்டர் மாதிரியே இருக்க வேண்டும், சாமி படத்துக்குப் பதில் தன் படம், கம்பெனி பெயருக்குப் பதில் தன் பெயர் என்று சொல்லி, செல் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தான். மாதிரி வந்ததும், மீசை ஒரு பக்கம் தூக்கலாகத் தெரிகிறதென்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினான். 'பட்டாசு என்றால் அய்யாதுரை' என்ற வரியோடு முந்நூறு காலண்டர்கள் தயாராயின.

"காலையில எந்திரிச்சு ஒங்க மொகத்துலயா முழிப்பாக?" என்று கேட்டாள் அவன் மனைவி பாண்டிச்செல்வி. அவன் காதில் வாங்கவில்லை. நெல்லூர், கோலார், வேலூர் என்று எல்லா வியாபாரிகளுக்கும் பார்சல் போட்டுவிட்டான்.

மூன்று மாதம் ஓடிவிட்டது. செல் அடித்ததெல்லாம் பாண்டிச்செல்வி, பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கத்திரிக்காய் வாங்கி வரச் சொல்லிக் கூப்பிட்டபோதுதான். இந்த வருடம் ஆர்டர்கூட முக்கால்வாசி முதலாளியின் கையெழுத்தில் துண்டுச்சீட்டாகத்தான் அவன் மேசைக்கு வந்தது. தன்னைத் தேடி ஒரு நாய்கூட வரவில்லை என்று அவனுக்கு அவமானமாக இருந்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. போன மாதம் சேல்ஸ் மேனேஜர் கனகசபாபதி, கம்பெனி விலைப்பட்டியலில் தன் சொந்த நம்பரை அச்சடித்து, பாதி வியாபாரிகளை வளைத்துக்கொண்டு தனிக்கடை போட்டுவிட்டார். இங்கே தின்றுகொண்டு சொந்தப் பெயரை வளர்ப்பவன் எவனாக இருந்தாலும் அன்றைக்கே வெளியே போக வேண்டியதுதான் என்று முதலாளி ராஜபாண்டியன் ஆபீஸ் அதிரக் கத்தினார். அன்றிலிருந்து அய்யாதுரைக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வேலையை விட்டால் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவது?

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். மேசையில் அவன் படம் அவனைப் பார்த்தே சிரித்துக்கொண்டிருந்தது.

"இது நீதான?" என்றார் ராஜபாண்டியன்.

"ஆமா மொதலாளி. தப்புத்தான். ஏதோ புத்தி கெட்டுப்போயி…"

"நெல்லூர்க்காரரு நேத்து வந்திருந்தாரு. கடையில தொங்குனதக் கழட்டிக்கொண்டாந்து காட்டுனாரு. எத்தன பேருக்கு அனுப்புன?"

"முந்நூறு."

அவர் காலண்டரைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். எந்த முகத்தோடு பாண்டிச்செல்வியிடம் போய்ச் சொல்வது என்று அய்யாதுரை யோசிக்க ஆரம்பித்திருந்தான்.

"கனகசபாபதி சீட்டு காலியாத்தான கெடக்கு? நாளையிலருந்து நீ அதுல ஒக்காரு."

அய்யாதுரைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் நம்ப முடியவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "மொதலாளி, நீங்க கோவமா இருப்பீகன்னு…" என்று இழுத்தான்.

"மூணு மாசமா என்னையக் காப்பி குடிக்க விடாம வீட்டுப் போனு அடிக்குது. எடுத்தா, 'அய்யாதுரை இருக்காரா'ன்னுதான் கேக்காக. இல்லன்னு சொன்னா ஆர்டர எங்கிட்டயே சொல்லிட்டு வைக்காக. ஏன் இங்கன கூப்பிடுதாகன்னு நேத்துவரைக்கும் எனக்கு வெளங்கல" என்ற ராஜபாண்டியனின் குரல் தழுதழுத்தது. "கனகசபாபதி என் காசுல அவன் நம்பரப் போட்டான். நீ ஒன் காசுல ஒன் படத்தப் போட்டு, நம்பர மட்டும் எங்க வீட்டு நம்பராப் போட்டிருக்க. இந்த மனசு எவனுக்குப்பா வரும்?"

மூன்று மாதமாக அந்தக் காலண்டரில் தன் மீசையை மட்டுமே பார்த்து ரசித்திருந்த அய்யாதுரை, பலவேசம் பழைய கம்பெனி காலண்டரிலிருந்து மாற்ற மறந்துவிட்டிருந்த அந்த நம்பரை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் படித்தான்.