அனுமதித்த எல்லை

இரண்டு மலைகளுக்கு நடுவே, கெட்டியான மேகத்துக்குள் விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. கோ-பைலட் மறுபடியும் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"முன்னால பாருங்க. மலை அங்கதான் இருக்கு," என்று கடுகடுத்தாள் கேப்டன்.

"சாரி மேடம்."

அது சிமுலேட்டர்தான். மலையும் மேகமும் திரையில் தெரிகிற பொம்மைகள். ஆனால் இந்தச் சோதனையில் தோற்றால் தோளில் இருக்கும் கேப்டன் பட்டை பறிபோவது நிஜம்.

காலையிலிருந்தே அவளுக்கு எதுவும் சரியாகப் படவில்லை. கூட வர வேண்டிய கோ-பைலட்டுக்குத் திடீரென்று காய்ச்சலாம். பதிலுக்கு வந்திருக்கும் இந்த ஆளை அவள் முன்பின் பார்த்ததே இல்லை.

பின்னால் உட்கார்ந்து சோதிக்கிற பரிசோதகரோ அவளுடைய அக்காவின் முன்னாள் கணவர். விவாகரத்து வழக்கில் அக்கா பக்கம் நின்று சாட்சி சொன்னவள் இவள். ஒரு காலத்தில் வாய் நிறைய 'அத்தான்' என்று கூப்பிட்டவரை இப்போது 'சார்' என்கிறாள். வேறு பரிசோதகர் வேண்டும் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் பயந்துவிட்டாள் என்பார்கள்.

பரிசோதகர் எழுந்து வந்து இருவருக்கும் நடுவே குனிந்தார்.

"லைட் அதிகமா இருக்கு," என்று குறைத்துவிட்டுப் போனார். கோ-பைலட் விளக்கைப் பார்க்கவில்லை. பரிசோதகரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'ரெண்டு பேரும் கூட்டா?' என்று அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

மேகத்துக்குள் இறங்கும்போது விமானம் தான் இருக்கும் இடத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் பிசகியிருக்கலாம் என்று திரையில் ஓர் எண் காட்டும். இந்தப் பள்ளத்தாக்கில் அது பத்தில் மூன்று மைலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மணி அடிக்கும். இறங்குவதை விட்டுவிட்டு மேலே ஏறிவிட வேண்டும்.

எண் மெல்ல ஏறியது. பத்தில் மூன்றைத் தாண்டி நான்கைத் தொட்டது.

மணி அடிக்கவில்லை.

"மேல போறோம்!" என்று கத்தியபடி விசையைத் தள்ளி விமானத்தின் மூக்கைத் தூக்கினாள்.

பரிசோதகர் சட்டென்று சிமுலேட்டரை நிறுத்தினார். "மணி அடிச்சுதா?"

"இல்ல சார். ஆனா எல்லையைத் தாண்டிருச்சு."

"எந்த எல்லையை? கம்ப்யூட்டரைப் பாரு."

பார்த்தாள். நடுவே இருந்த கம்ப்யூட்டரில் எல்லை ஒரு மைல் என்று இருந்தது. அவளுக்குப் பகீரென்றது.

"இறங்க ஆரம்பிக்கிறப்ப நானே பார்த்தேன் சார், சரியா இருந்துச்சு. நடுவுல யாரோ மாத்தியிருக்காங்க."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்!" பரிசோதகர் சிரித்தார். "காரணமே இல்லாம மேல ஏறிட்ட. ஃபெயில்."

"இறங்கியிருந்தா மட்டும் பாஸ் போட்டிருப்பீங்களா?"

"எப்படிப் போடுவேன்? எல்லை மாறினதைக் கூடக் கவனிக்கலையே நீ!"

பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்தும் திரும்பினாள்.

"நீங்க பார்த்துட்டுத்தானே இருந்தீங்க? வாயைத் திறந்து சொல்லுங்களேன்."

கோ-பைலட் நிதானமாகப் பெல்ட்டைக் கழற்றி எழுந்தார். சட்டைப் பையிலிருந்து அரசு முத்திரை போட்ட அடையாள அட்டையை எடுத்துப் பரிசோதகரிடம் நீட்டினார். வாங்கிப் படித்த பரிசோதகரின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

"மேடம் பாஸ். இன்னைக்குப் பரீட்சை உங்களுக்குத்தான் சார்."