தொட்டுப் பாருங்க, டாக்டர்

“நீங்க தொட்டுப் பாக்காம நான் எழுந்திரிக்க மாட்டேன், டாக்டர்!”

ஏழு வயது மகளை மடியில் இருத்திக்கொண்டு, நாற்காலியில் அழுத்தமாக உட்கார்ந்துவிட்டாள் அந்தத் தாய். இழுத்தால் நாற்காலியும் கூடவே வரும் போலிருந்தது.

“வளர்ற பிள்ளைக்குக் கால் வலிக்கத்தான் செய்யும். காய்ச்சல் இல்ல, வீக்கம் இல்ல. ஞாயித்துக்கிழமைகூட சைக்கிள் ஓட்டினாளே!” டாக்டர் எரிந்து விழுந்தார். “வெளியில கூட்டம் நிக்குது.”

“பகல்ல ஓட்டுவா. ராத்திரியானா முழங்காலுக்குக் கீழ பிடிச்சுக்கிட்டு அழறா. அதுவும் ஒரே கால், ஒரே இடம். வளர்ற வலின்னா ரெண்டு காலும்ல வலிக்கணும்?”

“பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறா.”

“தூக்கத்துல யாராவது நடிப்பாங்களா?”

அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த நர்ஸுக்கே பொறுக்கவில்லை. “பாவம் டாக்டர், ஒரு தடவை பாத்துடுங்களேன்.”

வேண்டாவெறுப்பாகக் குனிந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பை விரலால் அழுத்தினார் டாக்டர்.

“அம்மா!” குழந்தை வீறிட்டாள்.

மற்றக் காலையும் அழுத்தினார். ஒன்றுமில்லை. மறுபடி முதல் காலுக்கு வந்தார். மறுபடி அலறல். டாக்டருக்கு வியர்த்துவிட்டது.

அப்புறம் கேட்க வேண்டுமா! கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, எக்ஸ்ரே, ரத்தம், ஸ்கேன் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவரே ஓடினார். எலும்பு நிபுணரையும் விடாமல் வரவழைத்துவிட்டார். மத்தியானத்துக்குள் விஷயம் தெரிந்துவிட்டது.

“எலும்புக்குள்ள கிருமி.” டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தாயிடம் நீட்டினார். “நல்லா இருக்கற குழந்தைக்கு இப்படி வர்றது ரொம்ப அபூர்வம். வெளியில ஒண்ணும் காட்டாம உள்ளயே அரிக்கும். நல்லவேளை, மருந்துக்குக் கட்டுப்படற நேரத்துல பாத்துட்டோம். குணமாயிடும்.”

அதுவரை கல் மாதிரி இருந்த தாய் அப்போதுதான் உடைந்து அழுதாள். நர்ஸுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஒண்டியா இப்படி மல்லுக்கட்டறீங்களே அக்கா, இவளோட அப்பன் எங்கதான் போய்த் தொலைஞ்சான்? பெத்த பிள்ளை காலைத் தொட்டுப் பாக்கக்கூட அந்த மனுஷனுக்கு நேரமில்லையா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரை நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்கயும் போகல, சிஸ்டர்,” என்றார் டாக்டர், தலை குனிந்தபடி. “வீட்ல இவ கரடியாக் கத்தியும் காதுல வாங்காம, கடைசியில பேஷண்ட்டா வரிசையில வந்து உக்கார வச்ச அந்த அப்பன் நான்தான்.”