கடைசி இலக்கம்

நூலகச் சுவரை மூடியிருந்த பட்டுத்திரை விலகியதும் கூட்டம் கைதட்டியது. கணிதத் துறையின் செண்பகவடிவு மட்டும் தட்டவில்லை. கல்லூரிக் கணினிகளை மூன்று வருடம் ஓடவிட்டு அவள் கண்டுபிடித்த அரிய வகைப் பகா எண், ஐயாயிரம் இலக்கங்களோடு சுவர் முழுக்கக் கறுப்பு வண்ணத்தில் பரவியிருந்தது. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் வகுபடாத எண். ஆனால் கடைசியில் ஏழு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு இருந்தது.

அவள் பக்கத்தில் நின்ற தாளாளரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இலக்கமெல்லாம் கூட்டி ஒத்தை நம்பராக்கினா எட்டு வந்துதும்மா. ஆகாதுன்னுட்டார் நம்ம ஜோசியர். அதான் ஏழுக்குப் பதிலா எட்டு போடச் சொன்னேன். இப்ப கூட்டினா ஒன்பது. ராசியான நம்பர்!"

அவள் அந்த எட்டைச் சுட்டிக்காட்டினாள்.

"சார், இப்ப இது ரெண்டால வகுபடும். நீங்க ஆசைப்பட்ட அந்த ஒன்பதாலயும் வகுபடும். இது பகா எண்ணே இல்ல."

"யாரும்மா வகுத்துப் பார்க்கப் போறா? ஒரே ஒரு நம்பர்தானே!"

"ஆமா சார், ஒரே ஒரு நம்பர்தான். அதைத்தான் மூணு வருஷமாத் தேடினேன்."

போர்த்தியிருந்த பொன்னாடையை உருவி நாற்காலியில் எறிந்துவிட்டு, ஸ்கூட்டர் சாவியோடு சுவரை நோக்கி நடந்தாள். எட்டின் மேல் சாவியை அழுத்தி இழுத்தாள். காரை பொலபொலவென்று உதிர்ந்தது.

"நிறுத்தும்மா!" என்று தாளாளர் கத்தினார். கைதட்டல் எப்போதோ அடங்கியிருந்தது. எட்டு முழுக்கப் போய்ச் செங்கல் தெரிந்த பிறகும் அவள் சுரண்டிக்கொண்டேயிருந்தாள்.