மொசக்குட்டியின் தாயத்து

ராதாபுரம் பஸ்ஸில் ஜன்னலோர இடம் மொசக்குட்டிக்கு. அடுத்து என் மகள் தஸ்மியா. ஓரத்தில் ஒண்டிக்கொண்டு நான்.

துணி முயல்தான். ஒரு கண் போய், சட்டைப் பொத்தான் வைத்துத் தைத்தது. ஆனாலும் குற்றாலம், ஏர்வாடி, திருவனந்தபுரம் என்று நாங்கள் போன ஊரெல்லாம் அதுவும் வந்திருக்கிறது.

"ம்மா, மொசக்குட்டிக்குக் காத்தாடி காட்டுதேன்" என்று வெளியே சுற்றிய காற்றாலைகளுக்கு நேரே அதைத் தூக்கிப் பிடித்தாள்.

அவளுக்கு இது இன்னொரு டூர். நாங்கள் ஓடிக்கொண்டிருந்தோம்.

என் செல்போனை அணைத்து அரிசி டின்னுக்குள் அமுக்கிவிட்டு வந்திருந்தேன். என் புர்காவைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுவிடுவான் என்று பக்கத்து வீட்டு ஜனாபாவின் புர்காவைக் கேட்டு வாங்கிப் போட்டிருந்தேன். என் புருஷன் சுஹைலுக்கு மோப்பம் அதிகம்.

முன்பு ஒரு தடவை உம்மா வீட்டுக்கு ஓடினேன். பெரியவர்கள் கூடிப் பேசி, பொறுத்துப் போகச் சொல்லிக் காரில் ஏற்றி அனுப்பினார்கள். அன்று வாங்கிய அடியில் இடது கை இன்னும் முழுசாக மடங்குவதில்லை.

இந்த முறை சொந்தக்காரர்கள் சங்காத்தமே வேண்டாம். கடலோரத்து தர்காவில் நேர்ச்சைக்கென்று பெண்கள் மாதக்கணக்கில் தங்குவார்கள். ஏன் வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. அங்கே போய்ச் சேர்ந்தால் போதும்.

மொசக்குட்டியை விட்டுவிட்டு வரத்தான் பார்த்தேன். பிள்ளை தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதது.

தவிர, அதன் முதுகுக்குள் தாயத்து இருந்தது. பிள்ளை தூக்கத்தில் அலறுகிறாள் என்று சுஹைல்தான் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் ஓதி வாங்கிவந்தான். எதைப் பார்த்து அலறுகிறாள் என்பது வேறு விஷயம். கழுத்தில் கட்டினால் பிய்த்துப்போடுவாள் என்று முயலுக்குள் வைத்து, அவனே உட்கார்ந்து தைத்தான். அவிழ்த்தால் பிள்ளைக்கு ஆகாது என்றும் சொன்னான்.

எவ்வளவு வெறுத்தாலும், அந்த ஒரு காரியத்துக்காக அவன்மேல் கொஞ்சம் ஈரம் மிச்சமிருந்தது. துணிக்குள் வட்டமாகத் தட்டுப்பட்ட தாயத்தைத் தடவி, பிஸ்மி சொல்லித்தான் பஸ் ஏறினேன்.

ராதாபுரத்தில் இறங்கினோம். தர்காவுக்குப் போகிற டவுன் பஸ் தயாராக நின்றது.

அதன் பக்கத்தில், பைக்கில் சாய்ந்துகொண்டு சுஹைல்.

"வாப்பா!" என்று தஸ்மியா ஓடிவிட்டாள்.

அவன் அவளைத் தூக்கவில்லை. மொசக்குட்டியை வாங்கி, முதுகைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான். பிறகு செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். அதில் வரைபடம். எங்கள் வீட்டிலிருந்து நாங்கள் வந்த வழி முழுக்க நீலக் கோடு. ராதாபுரம் பஸ் நிலையத்தின் மேல் ஒரு புள்ளி.

"ஹஸ்ரத்தும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஆன்லைன்ல வாங்குனது" என்றான் சிரித்துக்கொண்டே.

மொசக்குட்டியைப் பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்தான். அவளைத் தூக்கி பெட்ரோல் டாங்க்மேல் உட்காரவைத்தான்.

கண்டக்டர் "தர்கா, தர்கா" என்று என்னைப் பார்த்துக் கூப்பிட்டார். ஒற்றை ஆளாக இருந்தால் ஏறியிருப்பேன்.

பிள்ளை பைக்கில் இருந்தது. நானும் அதில் ஏறிக்கொண்டேன்.