ஏரித் தண்ணீரில் வரைந்தது

அந்தக் குடியிருப்பில் ஜன்னல் கண்ணாடிகள் எல்லாமே மின்திரைகள்தான். அவற்றில் ஏரி எப்போதும் நீலமாகவே தெரியும். அதைப் பார்த்து ஓர் ஓவியம் வரைந்து தரும்படி சங்கச் செயலாளர் தணிகாசலம் கேட்டிருந்தார். ஓவியர் ஃபிலோமினாவோ முகக்கவசம் போட்டுக்கொண்டு ஏரிக்கரையிலேயே உட்கார்ந்து வரைந்தாள். எந்த இடத்தை வரைந்தாலும் அந்த இடத்துத் தண்ணீரில்தான் வண்ணம் கரைப்பாள்.

திறப்பு விழாவில் துணியை விலக்கியதும் கூடமே மூக்கைப் பொத்திக்கொண்டது.

"என்னம்மா இப்படி நாறுது?" என்றார் தணிகாசலம்.

"உங்க ஏரிதான் சார்."

"முதல்ல இதைக் கழட்டுங்க."

"மாட்டேன். நாத்தம் தாங்கலைன்னா ஜன்னலைத் திறங்க."

இதுவரை யாரும் திறந்திராத ஜன்னலை இரண்டு பேர் சேர்ந்து தள்ளித் திறந்தார்கள். வெளியே, ஓவியத்தில் இருந்த அதே கறுப்பு ஏரி நுரைத்துக்கொண்டிருந்தது.

ஃபிலோமினா தணிகாசலத்தின் பக்கம் திரும்பினாள்.

"இப்பச் சொல்லுங்க சார், இந்தப் படத்தையா, உங்க நீலத் திரையையா, எதைக் கழட்டணும்?"